வக்கீல் தோட்டத்தில் பேரில்லாத கொடி

வக்கீல் வரதாச்சாரி ஜட்காவிலிருந்து இறங்கியபோது அவர் வீட்டு கேட்டைக் காணவில்லை.

கேட் அங்கேதான் இருந்தது. ஒரு கொடி அதன்மேல் ஏறி, பெயர்ப் பலகையை மூடி, இரண்டு தூண்களையும் சேர்த்துக் கட்டி, பழுப்பு நிறக் காய்களைக் கொத்துக்கொத்தாகத் தொங்கவிட்டிருந்தது. காலை வெயிலில் காய்கள் பட்டுத்துணி போல மின்னின. பத்து மாதம் கழித்து ஊர் திரும்பும் மனிதர். ஆசையாக ஒரு காயைத் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் கொடியை விலக்கித் தாழ்ப்பாளைத் தேடினார். பிறகு, தை மாதமாக இருந்தாலும் வேர்த்ததால், நெற்றியைத் துடைத்தார். அடுத்தபடியாகக் கழுத்தை.

அது பூனைக்காலி. அந்தக் காயின் மேலிருக்கும் பட்டு முழுவதும் அரிக்கிற சுணை. தொட்டவன் அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியாது.

நான் எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "தொடாதீங்க சாமி" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கழுத்துக்கு வந்துவிட்டார்.

ஜட்கா ஓட்டி வந்த காதர் பாய் மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்தார். தேனாம்பேட்டைக்காரர், என் சிநேகிதர்.

"நைனா, இது நீ நட்டதுதானே?"

"நாம நட்டது பாய்."

"நான் தண்ணி மட்டுந்தான் ஊத்தினேன்."

"எழும்பூர்லேர்ந்து கூட்டிக்கினு வந்தீங்களே, வழியில ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா, உனுக்கு எப்டிடா தெரியும்னு கேப்பாரு. வக்கீல் ஆச்சே."

அதற்குள் வக்கீலின் தலைப்பாகை ஒரு பக்கம், அங்கவஸ்திரம் ஒரு பக்கம் விழுந்துவிட்டன. கேட்டைத் திறந்து கிணற்றடிக்கு ஓடினார். வழியில் கழற்சிப் புதர் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. அதுவும் நாங்கள் நட்டதுதான்.

முள்ளுக்கு ஓர் ஆள்

சர்க்கஸ் கம்பெனி கலைந்துபோய் நான் நடுத்தெருவில் நின்றதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு எங்கே போனாய் என்று சில வாசகர்கள் கேட்கிறார்கள். தேனாம்பேட்டையில் காதர் பாயின் குதிரை லாயத்துக்குப் போனேன். குதிரைக்குப் பக்கத்தில் படுத்தேன். குதிரையின் பெயர் நவாப். அது தூக்கத்தில் உதைக்காது. சர்க்கஸில் என்னோடு படுத்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அந்த லாயத்துக்குத்தான் கல்யாணராமய்யர் குடையும், விதை சேர்க்கத் தலையணை உறைகளுமாக வந்தார். மயிலாப்பூர்க்காரர். ஒரு கல்லூரியில் தாவர சாஸ்திர டிமான்ஸ்டிரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புரொபசர் பாடம் சொல்வார், இவர் இலையைக் கிழித்துக் காட்டுவார்.

முப்பது வருஷம் இலை கிழித்த பிறகு அவருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. பட்டணம் பெருத்துக்கொண்டே போகிறது. சுற்றிலும் உள்ள காட்டுச் செடிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி விதையாவது எடுத்துப் பத்திரப்படுத்திவிட வேண்டும். இதுதான் கவலை. நெல் விதை, காய்கறி விதைக்கெல்லாம் ஆள் இருக்கிறது, சூரைக்கும் சங்கஞ்செடிக்கும் யார் இருக்கிறார்கள் என்பார்.

புதருக்குப் போக வண்டி வேண்டும், புதருக்குள் போக ஓர் ஆள் வேண்டும். வண்டிக்குக் காதர் பாய். முள்ளுக்கு நான்.

எனக்கு அப்போது முப்பது வயதிருக்கும். விதை என்பதை அதுவரை தின்கிற பொருளாகத்தான் அறிந்திருந்தேன். எங்கள் வீட்டில் விதைநெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்சிக் குடித்த வருஷம் ஒன்று உண்டு. நல்ல கஞ்சி. குடித்து முடித்ததும் இனி இங்கே இருந்து பிரயோஜனமில்லை என்று கிளம்பிவிட்டேன். பள்ளிப் படிப்பு மூன்றாம் பாரத்தில் பாதியில் நின்றது. ஆகவே ஒரு மனிதர் தின்னவும் ஆகாத, விற்கவும் ஆகாத விதைக்காகக் காசு கொடுத்து வண்டி பிடிக்கிறார் என்பது எனக்குச் சர்க்கஸை விட வேடிக்கையாக இருந்தது.

தேனாம்பேட்டையைத் தாண்டினால் அப்போது ஆற்றங்கரை வரை முட்புதர்தான். நந்தனம் என்ற பெயரே பிற்பாடு வந்தது. அங்கே ஒரு கரையான் புற்றின்மேல் ஒரு கொடி படர்ந்திருந்தது. நூல் போன்ற தண்டு, எலிக்காது போல இலை, எள்ளுப்பூவில் பாதி அளவு பூ. பார்க்க ஒன்றுமில்லை. ஐயர் அதன் முன்னால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார்.

"இருபது வருஷமா தேடறேன். இந்த ஒரு புத்துலதான் இருக்கு" என்பார்.

அதற்கு லத்தீனில் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஐயருக்கே மூச்சு வாங்கும். தமிழில் பெயர் இல்லை. ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டார், வேர் விற்கும் கிழவியைக் கேட்டார், காதர் பாயைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்குள் அதற்குப் 'பேரில்லாதது' என்று பெயர்.

யுத்தம் வந்தது. புதர்க்காட்டை மிலிட்டரிக்காரர்கள் லாரி நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். கடைசி முறை நாங்கள் போனபோது ஐயர் பூதக்கண்ணாடியோடு புற்றின்மேல் குனிந்திருப்பதைப் பார்த்து ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு வந்து நின்றான். எதிரியின் உளவாளி என்று நினைத்திருக்கவேண்டும். ஐயர் அவனுக்குக் கண்ணாடியைக் கொடுத்துப் பூவைப் பார்க்கச் சொன்னார். பார்த்தான். இப்படிப்பட்ட உளவாளியை எந்த தேசமும் அனுப்பாது என்று அவனுக்கே பட்டிருக்கும், விட்டுவிட்டான்.

ஒரு வாரத்தில் புற்று, புதர் எல்லாவற்றையும் வழித்துத் தரையாக்கிவிட்டார்கள். ஐயர் கையில் பேரில்லாததன் விதை அறுபத்துச் சொச்சம் மிஞ்சியது. மிளகில் கால் பங்கு அளவு. அவ்வளவுதான் அந்த வம்சம்.

குளிர்ந்த, உலர்ந்த இடம்

விதைகளையெல்லாம் பாட்டிலில் போட்டு மெழுகால் வாயை அடைத்தோம். எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது. ஐயரிடம் சீமையிலிருந்து வந்த புத்தகம் ஒன்று இருந்தது. 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று அதில் போட்டிருந்தது.

மயிலாப்பூரில் அப்படி ஓர் இடம் கிடையாது. குளிர்ந்த இடம் என்றால் கிணற்றடி அறை. அங்கே சுவரே வேர்க்கும். உலர்ந்த இடம் என்றால் சமையலறைப் பரண், அடுப்புக்கு நேர் மேலே. அங்கே கைவைத்தால் சுடும். புத்தகம் எழுதிய துரை இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்திருக்கிறான். ஐயர் கையில் பாட்டிலோடு இரண்டு மாதம் வீட்டைச் சுற்றி வந்தார்.

"ஏன்னா, பரண்ல வையுங்கோ. அடுப்புப் புகை பட்டா பூச்சி அண்டாது" என்பாள் தர்மு மாமி. ஐயரின் சம்சாரம்.

"சூட்டுல உசிர் போயிடும்டீ. புஸ்தகத்துல முதல் வார்த்தையே குளிர்ச்சிதான்."

"ரெண்டாவது வார்த்தையையும் படியுங்கோ."

கடைசியில் சமரசம் ஆயிற்று. பாட்டில்களில் பாதி கிணற்றடி அறையில், பாதி பரணில். பேரில்லாததை மட்டும் இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்திலும் வைத்தார்கள். இருவருக்கும் திருப்தி. விதையை யாரும் கேட்கவில்லை.

அமாவாசைக்கு அமாவாசை

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சித்திரை வெயிலில் ஊரே கிளம்பியது. ஐயர் தெருவில் ஒரு வாரத்துக்கு வண்டிச் சத்தம் ஓயவில்லை. பிறகு சத்தமே இல்லை. ஐயரும் மாமியும் கும்பகோணம் பக்கம் போனார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை வைத்துவிட்டுப் போனார்கள். உண்மையில் வீட்டை அல்ல, பாட்டில்களை.

எனக்கு இட்ட வேலை ஒன்றே ஒன்று. ஒவ்வோர் அமாவாசைக்கும் ஒவ்வொரு வகையிலும் பத்து விதை எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைக்க வேண்டும். எத்தனை முளைக்கிறது என்று எண்ணிக் கார்டு போட வேண்டும். எண்ணிய முளைகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கழற்சியை மட்டும் முதலில் கல்லில் தேய்த்து ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த யுத்தம் வரைக்கும் அது முளைக்காது.

பேரில்லாததில் மாதம் பத்து எடுத்தால் ஆறு மாதத்தில் சோதித்தே தீர்த்துவிடுவோம் என்று முதல் கார்டிலேயே எழுதினேன். 'அதில் மூன்று மட்டும் எடு. உனக்குக் கணக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை' என்று பதில் வந்தது.

முதல் மாதம் நன்றாக முளைத்தது. இரண்டாம் மாதம் குறைந்தது. ஐயர் எழுதினார்: 'துணி அழுக்காக இருக்கும்.'

நான் எழுதினேன்: 'துணி சுத்தம். தங்கள் சலவை வேட்டியில் கிழித்தது.'

அடுத்த கார்டு முழுவதும் வேட்டியைப் பற்றியே இருந்தது.

மூன்றாம் மாதம் பாதிப் பாட்டில்களில் ஒன்றுமில்லை. பேரில்லாததில் முதல் மாதம் மூன்றில் இரண்டு, அடுத்த மாதம் மூன்றில் ஒன்று, அதற்குப் பிறகு பூஜ்யம். பூஜ்யத்தை எழுதி அனுப்பினேன். 'நீ சரியாகப் பார்க்கவில்லை' என்று பதில். மறுபடி பார்த்தேன். மறுபடியும் பூஜ்யம்.

நவாப் தின்ற புல்

முளைகளைத் தூக்கிப் போடச் சொன்னாரே, அதை நான் செய்யவில்லை. இரக்கம் என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நடந்தது வேறு.

முதல் மாதத்து முளைகளைச் சாக்கடையில் கொட்டினேன். அவை சாக்கடையிலேயே வேர்விட்டு அடைத்துக்கொண்டன. முற்றத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அடைப்பைப் பிடுங்கியபோது பேரில்லாததன் முளைகள் இரண்டும் உயிரோடு கையில் வந்தன, ஒரு சட்டியில் வைத்தேன். அடுத்த முறை வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

அதே சமயம் காதர் பாய்க்கு ஒரு தொல்லை. சவாரி இல்லை, குதிரைக்குத் தீனி இல்லை. ஊரில் காலி வீடுகள், வீடுகளில் தோட்டங்கள், தோட்டங்களில் யாரும் வெட்டாத புல். நவாப்பை எங்கள் தெருவுக்கு ஓட்டிவந்தார். வக்கீல் வீட்டுப் புல்தரைக்குத் தெருவிலேயே பேர். அதை மூன்று நாளில் முடித்துவிட்டு நவாப் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் போனது.

"இன்னா நைனா, இப்டி மொட்டையா கீது" என்றார் காதர் பாய், மூன்றாம் நாள். "வந்து பாத்தார்னா கேஸ் போடுவாரே. ஒங்கையிலதான் மொளை கீதே, எதுனா நட்டு வுடு. பச்சையா தெரிஞ்சா போதும்."

நட்டோம். வக்கீல் வீட்டில் தொடங்கி டாக்டர் வீடு, ஜட்ஜு வீடு என்று தெரு முழுக்க நட்டோம். நேரம் போயிற்று. அந்தத் தெருவில் அப்போது நான், ஒரு நாய், குண்டு விழுந்தால் விசில் ஊத நியமிக்கப்பட்ட ஒரு வார்டன், ஆக மூன்றே ஜீவன்கள். வார்டன்கூடத் தண்ணீர் இறைத்தார். விசில் ஊத அவருக்குச் சந்தர்ப்பமே வரவில்லை.

பேரில்லாததன் முளைகள் மூன்றையும் வக்கீல் தோட்டத்தில் வைத்தேன். சர்க்கார் உத்தரவுப்படி வக்கீல் ஒரு பதுங்குகுழி வெட்டியிருந்தார். தோண்டிய மண் ஒரு மேடாகக் கிடந்தது. பார்க்கப் புற்று மாதிரி இருந்ததால் அங்கே நட்டேன். இதில் என் அறிவு அவ்வளவுதான். ஒன்று வெயிலில் காய்ந்தது. ஒன்றை நவாப் மிதித்தது. ஒன்று பிழைத்து, ஐப்பசி மழையில் மேட்டை மூடிக்கொண்டது.

அடுப்பு எரியாத வீடு

தை பிறந்ததும் ஐயர் திரும்பி வந்தார். வண்டியிலிருந்து இறங்கிக் கால்கூடக் கழுவாமல் கிணற்றடி அறைக்குப் போனார். பாட்டில்களுக்குள் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சணம். மெழுகு இருந்தும் ஈரம் எப்படியோ உள்ளே போயிருந்தது. சமையலறையில் ஏணி போட்டுப் பரணில் ஏறினார். அங்கே எலி பாட்டிலை உருட்டி உடைத்திருந்தது. உடையாததில் வண்டு.

மாமி என்னைப் பார்த்தாள். "அடுப்பு மூட்டினியோ?"

"விறகு கெடைக்கலை மாமி. நான் பாய் வீட்ல சாப்ட்டுக்கினேன்."

"பரண்ல வெக்கச் சொன்னது அடுப்பு எரியற ஆத்துலடாப்பா. அடுப்பு எரியலேன்னா அது எலிக்குத் தொட்டில்."

ஐயர் மிஞ்சிய விதைகள் எல்லாவற்றையும் தாமே ஈரத்துணியில் முடிந்தார். புது வேட்டியைத் தாமே கிழித்தார். எட்டு நாள் வாசலுக்கே வராமல் காத்திருந்தார். முடிச்சுகளை அவிழ்த்தபோது வாடைதான் வந்தது. அவர் துணியை மடித்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மாமி காபி கொண்டுவந்து வைத்தாள், அது ஏடு கட்டியது. சாவு வீட்டில் பேசுவது போலத்தான் நான் பேச்சை எடுத்தேன்.

"சாமி, எண்ணின மொளையைத் தூக்கிப் போடச் சொன்னீங்க. போடலை."

"என்ன பண்ணினே?"

"தெருவுல நட்டுட்டேன்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வரும்போது கவலையில் எதையும் பார்க்காமல் உள்ளே போயிருந்தார். இப்போது பார்த்தார். டாக்டர் வீட்டு மதிலில் சூரை. ஜட்ஜு வீட்டு வாசலில் சங்கஞ்செடி. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பேரில்லாதது?"

"ஒண்ணு இருக்கு சாமி. பூ வுட்டுப் பிஞ்சு புடிச்சிருக்கு."

"எங்கே?"

கையால் எதிர்வீட்டைக் காட்டினேன். ஐயரின் முகம் போன போக்கைப் பார்த்தால், லாரிக் கொட்டகையிலேயே நட்டிருக்கலாம் என்று தோன்றியது.

ஐயரும் வக்கீலும் பேசிப் பதினொரு வருஷம் ஆயிற்று. ஏதோ ஒரு கஞ்சாக் கேஸில், பிடிபட்ட இலை கஞ்சாதானா என்று சாட்சி சொல்ல ஐயரைக் கூப்பிட்டிருந்தார்கள். குறுக்கு விசாரணை செய்தவர் வரதாச்சாரி. "நீர் புரொபசரா?" "இல்லை." "பின்னே?" "டிமான்ஸ்டிரேட்டர்." "அதாவது, இலை கிழிப்பவர்." கோர்ட் முழுக்கச் சிரித்தது. ஐயருக்கு வாய் அடைத்துவிட்டது. அன்றிலிருந்து எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெளியே போகப் பழகியிருந்தார்கள்.

எப்படிப் போய்க் கேட்பது என்று ஐயர் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் வக்கீலே வந்து கேட்டைத் தடவினார்.

குறுக்கு விசாரணை

சுணைக்குச் சாம்பல் தேய்த்தால்தான் தணியும் என்று சொன்னவர் காதர் பாய். ஒரு கூடைச் சாம்பலையும் அவரே கொண்டுவந்தார். வக்கீல் நாமம் தவிர வேறெதையும் நெற்றியில் அறியாதவர். அன்றைக்குத் தலையிலிருந்து கால்வரை வெண்சாம்பலில் கைலாசத்துக்காரர் மாதிரி தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். நாளைக் காலை ஆள் வந்து தோட்டத்தையே வழித்துவிடப் போகிறான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயர் மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெருவைக் கடந்தார். நானும் காதர் பாயும் பின்னால் போனோம்.

"வாரும்" என்றார் வக்கீல். "நீர் பண்ணின வேலைதானா இது?"

"மத்ததையெல்லாம் வெட்டிடும். அந்த மேட்டுல ஒரு கொடி இருக்கு. அது மட்டும் இருக்கட்டும். காய் பழுக்கறவரைக்கும். நாப்பது நாள்."

"அதுக்கு என்ன பேர்?"

ஐயர் லத்தீனில் சொன்னார். வக்கீல் முடிகிறவரை காத்திருந்தார்.

"தமிழ்ல?"

"இல்லை."

"மருந்துக்கு ஆகுமா?"

"எனக்குத் தெரிஞ்சு ஆகாது."

"பெருமாளுக்குச் சாத்தலாமா?"

"வாசனை கிடையாது."

"மாடு திங்குமா?"

"ஆடே திங்காது."

"குதிரை?"

ஐயர் விழித்தார். காதர் பாய் உதவிக்கு வந்தார். "அதுவும் தொடாது சார். நம்ம நவாப் மோந்து பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கிச்சு."

வக்கீல் அவர் பக்கம் திரும்பினார். "குதிரை இங்கே எப்போ மோந்து பார்த்தது?"

காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் நவாப்பைப் பார்த்தேன். நவாப் புல்தரை இருந்த இடத்தைப் பார்த்தது.

"அது தனி கேஸ். அப்புறம் பார்த்துக்கறேன்" என்றார் வக்கீல். முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டு ஐயரிடம் திரும்பினார். "ஆக, பேர் இல்லை. பிரயோஜனம் இல்லை. எந்தப் பிராணியும் சீந்தறதில்லை. அப்போ அது எதுக்காக இருக்கணும்?"

 கோர்ட்டில் போலவே இப்போதும் வாய் அடைத்துக்கொள்ளப் போகிறது என்று பயந்தேன்.

"எதுக்காகன்னு எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில். "ஆனா இருந்துது. இந்தப் பட்டணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கும். நாமெல்லாம் வந்து, கோர்ட் வந்து, இப்போ லாரி வந்துது. அது நின்ன இடத்துல லாரி நிக்கறது. நான் எடுத்துவெச்ச விதையை நானே கொன்னுட்டேன். மிச்சம் இந்த ஒண்ணு. நாளைக்கு நீர் வெட்டினா, லத்தீன் பேர் மட்டும் இருக்கும். அந்தப் பேருக்குள்ள யாரும் இருக்கமாட்டா."

"உலகத்துலேயே இது ஒண்ணுதானா?"

"அப்படிச் சொல்லமாட்டேன். எங்கேயாவது இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணு."

வக்கீல் எழுந்து, சாம்பல் உதிர, மேட்டருகில் போய்க் குனிந்து பார்த்தார். எலிக்காது இலைகள். பச்சைப் பிஞ்சுகள்.

"என் மனையில இருக்கு" என்றார். "அப்போ இது என்னுது."

"விதை என்னுது."

"மண் என்னுது. கிணத்துத் தண்ணியும் என்னுது."

"நட்டவன் என் ஆள்."

"அத்துமீறி உள்ளே வந்து நட்டான். அதனால உமக்குப் பாத்தியதை வராது."

"உம்ம குழிமேடு இல்லேன்னா வேற மேட்டுல வெச்சிருப்பான்."

"வெக்கலையே. இங்கேதானே வெச்சான்."

பதினொரு வருஷத்துப் பேச்சையும் அன்றைக்கே பேசித் தீர்த்தார்கள். மத்தியானம் ஆனது. மாமி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வக்கீல் சொறிந்துகொள்வதையே மறந்துவிட்டார்.

மறுநாள் காலை அரிவாளோடு வந்த ஆள் பூனைக்காலியை அறுத்தான், கழற்சியை வெட்டினான், பதுங்குகுழி மேட்டுக்கு வந்தான். உள்ளேயிருந்து வக்கீல் ஓடிவந்தார்.

"அதைத் தொடாதே. வியாஜ்யத்துல இருக்கு."

நான்கு எல்லை

நாற்பது நாளும் வக்கீல் தாழ்வாரத்தை விட்டு மேட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கட்சிக்காரர்களைப் பார்த்தார். அணில் வந்தால் கட்சிக்காரர்கள்தான் விரட்ட வேண்டும். எதிர்வீட்டு ஜன்னலில் ஐயர். ராத்திரியில் வக்கீல் பழத்தைப் பறித்துவிடுவார் என்று அவருக்குச் சந்தேகம், ஐயர் பறித்துவிடுவார் என்று இவருக்குச் சந்தேகம். இரண்டு சந்தேகங்களுக்கு நடுவில் அந்தக் கொடி சுகமாக இருந்தது. மயிலாப்பூரில் ஒன்று நீடித்து நிற்க வேண்டுமானால் அதன்மேல் ஒரு வழக்கு இருந்தால் போதும்.

மாசிக் கடைசியில் காய்கள் பழுத்துக் கருஞ்சிவப்பாயின. இருவர் முன்னிலையிலும் நான் பறித்தேன். விதைகளை எடுத்து ஒரு வெற்றிலைத் தட்டில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தேன். ஒற்றைப்படையாக வந்தது. அந்த ஒற்றை விதையைக் கொடியின் அடியிலேயே ஊன்றச் சொன்னார் ஐயர். அதற்கு மட்டும் வக்கீல் ஆட்சேபிக்கவில்லை.

ஐயர் தம் பங்கில் பாதியைத்தான் பாட்டிலில் போட்டார். மீதியோடு, மதிலோரம் மண்மேடு உள்ள வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கினார். வக்கீல் தம் பங்கை இரும்புப் பெட்டியில், வீட்டுப் பத்திரங்களோடு வைத்தார்.

பிறகு வக்கீல் முத்திரைத்தாள் வாங்கிவந்தார். இரு தரப்பாரும் அவர்களுடைய வாரிசுகளும் மேற்படி கொடியை வெட்டுவதில்லை, பிடுங்குவதில்லை, மேயவிடுவதில்லை என்று எழுதினார். மேயவிடுவதில்லை என்று எழுதும்போது காதர் பாயைப் பார்த்தார். சொத்து விவரம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"லத்தீன் பேரைப் போடும்" என்றார் ஐயர்.

"ரிஜிஸ்திரார் என்ன பாஷைன்னு கேப்பான். பேரில்லாத சொத்தை எழுத எங்களுக்கு ஒரு வழி இருக்கு."

எழுதினார். வாசித்தும் காட்டினார். 'வடக்கே என் வீட்டு மதில், தெற்கே கிணறு, கிழக்கே பதுங்குகுழி, மேற்கே பவழமல்லி மரம், இந்த நான்கு எல்லைக்குள் கட்டுப்பட்டுத் தானாக நிற்கும் கொடி ஒன்று.'

ஐயர் கையெழுத்துப் போட்டார். வக்கீல் போட்டார். சாட்சிக்கு நானும் காதர் பாயும். நான் மூன்றாம் பாரத்துக் கையெழுத்தில் என் பெயரை எழுதினேன். விலாசம் என்று ஒரு கோடு இருந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.

"லாயம்னு எழுது நைனா" என்றார் காதர் பாய், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. கட்டைவிரலை மையில் அழுத்தினார். "முப்பது வருசமா இந்த ஊர்ல வண்டி ஓட்டறேன். எனுக்கு வடக்க இன்னா, தெக்க இன்னான்னு ஒருத்தனும் எழுதி வெக்கல. ஆடு துன்னாத கொடிக்கு நாலு பக்கமும் எழுதிட்டாங்க பாரு."

வக்கீல் தாளை வாங்கி மையை ஊதினார். "உம்ம குதிரை கேஸ் ஒண்ணு பாக்கி இருக்கு, பாய். அதுல உமக்கும் எழுதறேன்."